அசையாமல் உட்காரும் பயிற்சி

விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் அரசு ஆபீசுகளுக்கு எதிர்ச்சாரியில், ஒரு வேப்பமரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். பெயர் லட்சுமிகாந்தம். இருபத்தெட்டு வருசமாக ‘பெருமதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுதி எழுதி, அந்த மதிப்பு யாருக்குமே பொருந்தவில்லை என்று தெரிந்துகொண்டதுதான் மிச்சம். எனக்குக் கோபம் சட்டென்று வந்துவிடும். மனுவில் கோபம் எடுபடாது. அதனால்தான் இதை மனுவாக எழுதாமல் இப்படி எழுதுகிறேன்.

எங்கள் மரத்துக்கு நேர் பின்னால் பூட்டிக் கிடந்த ஒரு பருத்தி மூட்டைக் கிட்டங்கியைப் போன வருசம் வெள்ளையடித்து, ‘பெருநகர் வாழ்வுத் தகுதிப் பயிற்சி மையம்’ என்று பலகை மாட்டினார்கள். நம் பக்கத்து ஜனங்கள் பெருநகரத்துக்குப் பிழைக்கப் போய், அங்கே எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் நகரத்தின் பெயரைக் கெடுக்கிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துச் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்களாம். லிஃப்டுக்குள் முன்பின் தெரியாதவர்களிடம் எந்த ஊர் என்று விசாரிக்கிறார்களாம். ஆகவே புறப்படும் முன்பே அவர்களைச் சரிசெய்து அனுப்புவதென்று முடிவாயிற்று. மூன்று நாள் வகுப்பு, நான்கு தேர்வு, அப்புறம் சான்றிதழ்.

இது கட்டாயமில்லை என்றுதான் அறிவிப்பில் போட்டிருந்தார்கள். கட்டாயமில்லாத ஒன்றைக் கட்டாயமாக்குவதற்கு நம் ஆட்களுக்குத் தனியாகப் பயிற்சி தேவையில்லை. ஆறே மாதத்தில் பெருநகரத்து அடுக்குமாடிச் சங்கங்கள் எல்லாம், அந்தச் சான்றிதழ் இல்லாதவர்களுக்குத் தரை பெருக்கும் வேலைகூடக் கிடையாது என்று சொல்லிவிட்டன.

மையத்தின் இயக்குநர் சண்முகவேல். பெருநகரத்தை அவர் இரண்டு தடவை பார்த்திருக்கிறார். ஒரு தடவை நேர்காணலுக்குப் போனபோது, இன்னொரு தடவை மச்சினிச்சி கல்யாணத்துக்கு. பயிற்றுநர் அருணாதேவி அருப்புக்கோட்டையைத் தாண்டியதில்லை. ஆனால் அவர்கள் கையில் ‘பெருநகருக்குப் புறப்படுமுன்’ என்று ஒரு நூற்றிருபது பக்கக் கையேடு இருந்தது. அதை எழுதியவர்கள் நகரத்தை விட்டு வெளியே வந்ததில்லை. இரண்டு பக்கமும் சரியாகப் போயிற்று.

குருவம்மாள் என் மேசைக்கு வந்தது ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. தாயில்பட்டிக்காரி. ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடி காயவைக்கிற களத்தில் வேலை. கூடவே மகள் பொன்மணி நின்றாள், பத்தொன்பது வயது. அவளுக்கும் அதே கம்பெனிதான், ஆனால் வெடிமருந்து அடைக்கிற ரூமில். குருவம்மாளின் வீட்டுக்காரன் நாலு வருசத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு ரூமுக்குள் போனவன், திரும்பி வரவில்லை.

“எந்தம்பி மாரிக்கண்ணன் மெட்ராசுல ஒரு மாடிவீட்டுக் கட்டடத்துல காவலுக்கு இருக்கான் அண்ணாச்சி,” என்றாள். “எங்க ரெண்டு பேருக்கும் அங்கனயே கூட்டிப் பெருக்குற வேலை இருக்குதாம். ஆனா சர்ட்டிபிகேட் கேக்காகளாம். சீசன் முறுகுறதுக்குள்ள இவள மருந்து ரூம விட்டு வெளிய கொண்டு போயிரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

இரண்டு விண்ணப்பம் எழுதினேன். போட்டோ ஒட்டினேன், பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னேன். குருவம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் நானும் துணையாள் என்று பதிந்துகொண்டு வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பதியாமலே இருந்திருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துவிட்டேன்.

கிட்டங்கிக்குள்ளே மாதிரிக்கு ஒரு நகரம் கட்டியிருந்தார்கள். ஒட்டுப்பலகையில் ஒரு லிஃப்ட். ஒட்டுப்பலகையில் ஒரு வீடு, அதற்கு ஒட்டுப்பலகையில் ஒரு பக்கத்து வீடு. நகரும் படிக்கட்டுக்கு நிதி ஒதுக்கவில்லை. தரையில் சுண்ணாம்பால் படிகளை வரைந்து, மேலே நிற்பவர் தாம் மேல்நோக்கிப் போவதாகப் பாவிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். பாவிக்காதவர்களுக்கு ஐந்து மதிப்பெண் போய்விடும். குருவம்மாள் அந்தச் சுண்ணாம்புப் படியில் கால் மணி நேரம் நின்றாள். போயாச்சா என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

இயக்குநர் துவக்க உரை ஆற்றினார். “பெருநகரம் உங்களை அழைக்கவில்லை. நீங்களாகத்தான் போகிறீர்கள். அங்கே ஒருவர் ரோட்டில் விழுந்தால் மற்றவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். இதைக் கல்நெஞ்சம் என்று தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது, இது போக்குவரத்து ஒழுங்கு. நேர்காணலுக்குப் போன அன்றைக்கு நானே விழுந்தேன். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அந்த நகரத்தின் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது.”

முதல் தேர்வு லிஃப்ட். அன்றைக்கு வந்திருந்த பத்துப் பேரும் தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு ஆட்கள். பலகைப் பெட்டிக்குள் நாலு பேர் போனதும் ஐந்தாவது ஆள் வாசலிலேயே நின்றுவிட்டார். பத்துப் பேரும் ஏற வேண்டும் என்று அருணாதேவி அதட்டி உள்ளே தள்ளினார். எல்லாரும் நெருக்கியடித்து நின்ற சமயத்தில், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஃபைலுமாக இயக்குநர் பார்வையிட வந்தார். அவ்வளவுதான். உள்ளே நாலு பேரைத் தவிர மீதி ஆறு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே குதித்து, பின்வாசல் வழியாக ஓடி, காம்பவுண்டுக்குப் பின்னால் இருந்த கருவேல முள்ளுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டார்கள். முன்னால் ஓடியது குருவம்மாள். அருணாதேவி முள்ளுக்குள் கிடந்து அரை மணி நேரம் அவர்களைத் தேடினார்.

ஏன் ஓடினாய் என்று கேட்டதற்கு, குருவம்மாள் ஒளிக்காமல் சொன்னாள். “ரூமுக்கு நாலு பேருன்னு எங்க கம்பெனிச் செவுத்துல எளுதியிருக்கும் சார். சீசன்ல எட்டுப் பேரு இருப்போம். கழுத்துல அட்டை போட்ட ஆபீசரு வந்தா மிச்சப் பேரு முள்ளுக்குள்ள போயிரணும், இல்லேன்னா கம்பெனிய மூடிருவாக. நீங்க அட்டை போட்டுருந்தீகள்லா.”

எட்டுப் பேர் என்ற சொல் இயக்குநர் காதில் ஏறவே இல்லை. ‘விண்ணப்பதாரருக்கு நெரிசல் ஒவ்வாமை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுத் தேர்விலும் இதே கதை. குருவம்மாளும் பொன்மணியும் செருப்பை வெளியே விட்டார்கள்; உள்ளே நுழையும் முன் உள்ளங்கையைக் கம்பிக் கதவில் வைத்து எடுத்தார்கள். மருந்து ரூமுக்குள் போகுமுன் தீப்பொறி தட்டாமலிருக்கச் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற கரண்ட்டை இறக்குகிற பழக்கம். உள்ளே போனதும் முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டு இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தார்கள். நகரத்தில் கதவைச் சாத்திக்கொள்பவர்தான் நாகரிகமானவர் என்பது பக்கம் பத்தொன்பது. மூன்றாவது தேர்வில் அருணாதேவி பக்கத்து வீட்டுப் பலகைக்குப் பின்னால் இருந்து அழுவார், யாரும் போய் என்ன ஏதென்று கேட்கக் கூடாது. அவர் நன்றாகவே அழுதார். நாலு மாதமாக அவருக்குச் சம்பளம் வரவில்லை. குருவம்மாள் தண்ணீர்ச் செம்போடு போய்க் கதவைத் தட்டினாள். பூஜ்யம்.

நான்காவதுதான் ஒலித் தேர்வு. பக்கம் நாற்பத்தொன்று இப்படிச் சொல்கிறது: ‘பெருநகரில் சத்தம் ஓய்வதில்லை. சத்தம் கேட்டுத் திரும்புபவர், எழுபவர், ஓடுபவர் ஆகியோர் தாம் வெளியூர் என்பதைத் தாமே அறிவிக்கிறார்கள். நகரவாசி அசையாமல் தம் வேலையைத் தொடர்வார்.’ பத்துப் பேரையும் நாற்காலியில் உட்கார்த்தி, ஆளுக்கு ஒரு கட்டுக் காகிதம் கொடுத்து மடிக்கச் சொல்லிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் முதுகுக்குப் பின்னால் ஒரு அணுகுண்டு வெடியைக் கொளுத்திப் போட்டார்கள்.

புகை எழும்பும்போது ஹாலில் ஒரு ஆள் இல்லை. நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. பத்துப் பேரும் என் மேசையைத் தாண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெறுங்காலோடு நின்றார்கள். குருவம்மாளின் பிடி பொன்மணியின் மணிக்கட்டில் சிவந்து தெரிந்தது. இரண்டு விநாடி என்று இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இம்மாவட்டத்தாரிடம் ஒலி ஒழுக்கம் அறவே இல்லை என்று அன்றைக்கே மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று.

“வெடி செய்கிற ஊர்க்காரர்கள் வெடிச் சத்தத்துக்கு ஓடலாமா? வெட்கமாக இல்லையா உங்களுக்கு?” என்று இயக்குநர் கேட்டார்.

குருவம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: “இங்கன நிக்குறவக எல்லாம் என்னிக்கோ ஓடுனவக சார். ஓடாதவக இங்கன வரல.”

எதிர்த்துப் பேசியதற்கு இரண்டு மதிப்பெண் கழித்தார்கள்.

ஆடி மாதம் தாயும் மகளும் மறுபடியும் தேர்வு எழுதினார்கள். இந்தத் தடவை லிஃப்டில் நெருக்கி நின்றார்கள், கதவைச் சாத்தினார்கள், அருணாதேவி அழுதபோது குருவம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றிலும் தேறிவிட்டார்கள். நான்காவதில் மறுபடியும் ரோட்டில் போய் நின்றார்கள். காலு தன்னால போகுது அண்ணாச்சி, நான் என்ன செய்ய என்று என்னிடம் வந்து அழுதாள். கம்பெனியில் ஆர்டர் குவிந்துவிட்டதாம். பொன்மணியை ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்கிறார்களாம்.

கையேட்டின் பின்னிணைப்பில் இதற்கு வழி இருந்தது. ‘வீட்டிலேயே பழகுங்கள்’ என்று தலைப்பு. அதை ஒரு எழுத்து விடாமல் அவர்களுக்கு வாசித்துக் காட்டியவன் நான்தான். என்னமோ பெரிய உபகாரம் செய்கிறதாக நினைத்து, இரண்டு தடவை வாசித்தேன்.

அன்றையிலிருந்து தினமும் வேலை விட்டு வந்ததும் தாயும் மகளும் முற்றத்தில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். ஒருத்தி காகிதம் மடிப்பாள், இன்னொருத்தி பின்னால் நின்று வெடி போடுவாள். முதல் நாலு நாள் இரண்டு பேரும் ஓடினார்கள். அப்புறம் இடுப்பைப் பழஞ்சேலையால் தூணோடு கட்டிக்கொண்டு பழகினார்கள். ஒரு வாரத்தில் சேலை தேவைப்படவில்லை. பொன்மணி சீக்கிரம் படித்துக்கொண்டாள். காலடியில் சரம் வெடித்தாலும் மடிப்பைத் தப்பவிடவில்லை என்று குருவம்மாள் வந்து சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்ததுபோல் சொன்னாள். நானும் சந்தோசப்பட்டேன்.

ஆவணியில் தேர்வு வந்தது. இரண்டு பேரும் தேறினார்கள். ஹாலில் எட்டு நாற்காலி கவிழ்ந்துகிடக்க, தாயும் மகளும் மட்டும் காகிதம் மடித்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் கை தட்டினார்.

உடனே சான்றிதழைக் கொடுத்திருந்தால் இந்தக் கதை இல்லை. விழா வைத்துத்தான் கொடுக்க வேண்டுமென்று விதி. விழாவுக்கு மேலிடத்திலிருந்து ஒருவர் வர வேண்டும். அவர் வருகிற தேதி முடிவாக வேண்டும். பந்தல்காரருக்குப் போன விழாவின் பாக்கி தீர வேண்டும். நான் மூன்று தடவை உள்ளே போய்க் கேட்டேன். காகிதம் தயாராக இருக்கிறது, கையெழுத்தும் ஆகிவிட்டது, ஆனால் வழங்கப்படவில்லை என்றார்கள். அதுவரைக்கும் சும்மா இருந்தால் அடுப்பு எரியாதே, ரெண்டு பேரும் கம்பெனி வேனில் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

புரட்டாசி பத்தாம் தேதி காலை பதினோரு மணிக்குப் பொன்மணியின் மருந்து ரூமில் தீப்பிடித்தது. நான் ஆசுபத்திரிக்குப் போனபோது குருவம்மாள் வார்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவளாகவே சொன்னாள்.

“மொதல்ல சர்ருன்னு சத்தம் வந்துச்சாம். ரூம்ல இருந்த மத்த ஏழு பேரும் வெளிய தாவிட்டாக. இவ உக்காந்த எடத்துலயே இருந்தாளாம். ஓடு புள்ளே ஓடு புள்ளேன்னு கத்தியிருக்காக. நிமுந்துகூடப் பாக்கலையாம். குனிஞ்சு வேலையப் பாத்துக்கிட்டே இருந்தாளாம்.” சேலையில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டாள். “நான் களத்துலதான் அண்ணாச்சி நின்னேன். மொத வெடி கேட்டப்ப நானும் திரும்பல. பளகிப் போச்சு.”

பொன்மணி பிழைத்தாள். முகத்தில் பாதியும் இரண்டு கையும் வெந்துபோயின. இரண்டு காதும் கேட்காமல் போயிற்று.

அவள் வார்டில் கிடக்கும்போதே விழா நடந்தது. குருவம்மாளின் சார்பில் நான்தான் போய் இரண்டு சான்றிதழையும் வாங்கினேன். இயக்குநர் அன்றைக்குப் பேசியதை நான் மறக்க மாட்டேன். “நம் மையத்தில் தேர்ச்சி பெற்ற ஒரு சகோதரி, அண்மையில் ஒரு தீ விபத்தின் நடுவிலும் இருக்கையை விட்டு எழவில்லை. நம் பயிற்சி எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அன்று அந்த அறையிலிருந்து ஓடியவர்கள் ஏழு பேர். அவர்களில் ஒருவர்கூட நம் மையத்தில் பயின்றவர் அல்ல என்பதையும் இந்த நேரத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.” பலத்த கைதட்டல்.

கார்த்திகையில் பொன்மணி நடமாடத் தொடங்கினாள். இனியாவது இவளை இங்கிருந்து கொண்டுபோய்விட வேண்டும் என்று குருவம்மாள் அவசரப்பட்டாள். அடுக்குமாடிச் சங்கம், சான்றிதழில் முகம் ஒத்துப்போகிறதா என்று மையத்திலேயே ஒரு முத்திரை வாங்கி வரச் சொன்னது. மகளைத் துண்டால் மூடிக் கூட்டிக்கொண்டு வந்தாள். அருணாதேவி துண்டை விலக்கிப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். பெருவிரலை மையில் தொட்டு வைத்துப் பார்த்தார், ரேகையே விழவில்லை. அவர் கண் கலங்கியது, அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் இதில் இருக்கிறவர் இவர் இல்லை என்றுதான் சொன்னார்.

இயக்குநர் விதிப்புத்தகத்தைப் புரட்டி ஒரு சலுகை கண்டுபிடித்தார். புதிய முகத்தோடு வருகிறவர் எல்லாத் தேர்வையும் எழுத வேண்டியதில்லையாம், ஒலித் தேர்வை மட்டும் மறுபடி எழுதினால் போதுமாம். குருவம்மாள், “அவளுக்குக் காது...” என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தேர்வு நேரத்தில் உடன் வந்தவர்கள் பேசக் கூடாது என்று தடுத்துவிட்டார். அம்மாவும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பொன்மணியை நடுவில் தனியாக உட்கார்த்தி, காகிதக் கட்டைக் கொடுத்தார்கள். வளையாத விரல்களால் அவள் மடிக்கத் தொடங்கினாள். பின்னால் ஒருவர் திரியில் நெருப்பு வைத்தார்.

வெடித்தது. பொன்மணியின் தோள்கூட அசையவில்லை. அடுத்த காகிதத்தை எடுத்தாள்.

என் பக்கத்தில் இருந்த குருவம்மாள் எப்போது எழுந்தாள் என்று எனக்குத் தெரியாது. நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், மகள் மேல் அப்படியே விழுந்து, அவளைத் தரையோடு அணைத்து மூடிக்கொண்டாள். பொன்மணி அப்போதுதான் பயந்து அலறினாள். எதற்காகத் தன்மேல் வந்து விழுகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

முடிவு அங்கேயே அறிவிக்கப்பட்டது. பொன்மணிக்கு நூற்றுக்கு நூறு. மையம் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு மதிப்பெண் யாரும் எடுத்ததில்லை என்று சொல்லி இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். குருவம்மாளின் சான்றிதழை ரத்து செய்தார். ‘தேர்ச்சிக்குப் பின் பழைய பழக்கத்துக்குத் திரும்பியவர்’ என்று காரணம் எழுதினார்.

நான் எழுந்து, இருபத்தெட்டு வருசமாக எந்த மனுவிலும் எழுதாத வார்த்தைகளை எல்லாம் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எழுத்து மூலமாகக் கொடுங்கள், முப்பது நாளில் பதில் வரும் என்றார்.

மாரிக்கண்ணன் வந்து அக்கா மகளைக் கூட்டிப் போனான். காது கேட்காது என்று தெரிந்ததும் சங்கத்தாருக்கு இன்னும் திருப்தியாம். வீடுகளில் பேசிக்கொள்வது வெளியே போகாது என்றார்களாம். குருவம்மாள் கேட்டது கிடைத்துவிட்டது. மகள் மருந்து ரூமை விட்டு வெளியே போகிறாள். குருவம்மாளுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன். காலியான இடத்துக்கு ஆள் இல்லை என்று அவளை மருந்து ரூமுக்கே மாற்றிவிட்டார்கள்.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் சாயங்கால வெயிலில் பஸ் புறப்பட நின்றது. பொன்மணி ஜன்னல் ஓரம் இருந்தாள். குருவம்மாள் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“சத்தங் கேட்டா ஓடிரு தாயி,” என்றாள். “எவன் என்ன சொன்னாலும் சரி, போட்டது போட்டபடி போட்டுட்டு எந்திரிச்சு ஓடிரு.”

பொன்மணி அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லித் தலையாட்டினாள்.